பூபாலன் குரலில் ஒரு சம்மதம்

ஜனவரி 8, திங்கள்

இந்த நோட்டு நான் கேட்டு வாங்கியது இல்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷர்மிளா என் கையில் திணித்தது. "அம்மா, அவர் வாயில இருந்து என்ன வார்த்தை வந்தாலும் இதுல எழுதுங்க. எப்ப சொன்னாரு, எதுக்குச் சொன்னாரு, எந்தப் படம், எல்லாம் வேணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் குணசீலன் போன மாசியில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று, ஆனால் விசித்திரமாகப் போயிற்று. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராது. என் பெயர் வராது. ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதுகூட மாறிமாறிப் போகும். ஆனால் நடிகர் பூபாலனின் வசனம் மட்டும் ஏற்ற இறக்கம் குறையாமல், மூச்சு வாங்கும் இடம்கூட மாறாமல் வரும்.

மனப்பாடமானதெல்லாம் மூளையில் வேறொரு அறையில் இருக்குமாம். மற்றவர்களுக்கு அந்த அறையில் சாமி பாட்டும் வாய்ப்பாடும் இருக்கும். இவருக்கு இயக்குநர் தேசிகாமணியும் பூபாலனும் சேர்ந்து கொடுத்த ஒன்பது படங்கள் இருக்கின்றன. பூபாலன் ரசிகர் மன்றத்துக்கு இருபத்திரண்டு வருஷம் செயலாளர், சும்மாவா.

இன்று காலை ஏழேகாலுக்கு இட்லியைத் தள்ளிவிட்டு, "இந்தக் கரையை விட்டு இனி ஒரு பிடி உப்புகூட வெளியே போகாது!" படம்: உப்பளத்துத் துரை. உப்பு ஜாஸ்தி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு ருசி பார்த்தேன். உப்பே போடவில்லை.

ஜனவரி 11, வியாழன்

நாங்கள் இருப்பது சேலத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. அறுபத்தொரு படி. அவர் கடைசியாக அவற்றைத் தாண்டியது தீபாவளிக்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குப் போனபோது. நான் தினம் இரண்டு முறை இறங்குகிறேன், பாலுக்கு ஒரு தடவை, காய்க்கு ஒரு தடவை. வெளியே பூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் பூட்டாமல் போனேன், தவழ்ந்து வாசல்வரை வந்துவிட்டார். பால் வாங்கி வர பதினொரு நிமிஷம். வழியில் யாராவது "மங்கை, எப்படி இருக்காரு?" என்று கேட்டால் பதிமூன்று. அதனால் யாரும் கேட்காத பக்கமாகப் போகப் பழகிவிட்டேன்.

மதியம் முதுகைத் துடைத்துவிடும்போது, "என் முதுகில் குத்தியவனை எனக்குத் தெரியும்!" படம்: வெள்ளிக்கிழமை வீடு. தண்ணீர் சூடு ஆறிப்போயிருந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். குக்கரில் வைத்தேன். பொங்கியதை யாரும் பார்க்கவில்லை, விசில்தான் வந்தது.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். அதைப் பற்றி ஷர்மிளாவுக்குத் தேவையில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேச விட்டபோது, இவர் என்னிடம், "உன் கையில் இருப்பது காபி இல்லை, என் மீதி ஆயுள்" என்றார். எனக்கு உடம்பே சிலிர்த்துப்போனது. போக்குவரத்துக் கழக டிப்போவில் நேரக் காப்பாளர் வேலை பார்க்கிறவருக்கு இப்படியும் பேச வருமா என்று நினைத்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் தினம் ஏதாவது சொல்வார். நான் என் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன், எனக்குக் கவிஞர் கிடைத்திருக்கிறார் என்று.

மூன்றாம் மாதம் மேட்னிக்குக் கூட்டிப் போனார். வெள்ளிக்கிழமை வீடு, பழைய காப்பி, மழை பெய்வதுபோல் கோடு கோடாக. என்னை அதுவரை வீட்டில் சினிமா பார்க்க விட்டதில்லை. இடைவேளைக்குள் எனக்குச் சொன்னது அத்தனையும் திரையில் வந்துவிட்டது. காபியும் வந்தது, மீதி ஆயுளும் வந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். படம் உருக்கமாக இருக்கிறது என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 23, செவ்வாய்

ஷர்மிளா போனில் கேட்டாள், "நீங்களும் பூபாலன் ரசிகையாம்மா?" இல்லை, நான் தேசிகாமணி கட்சி. அந்த மேட்னிக்கு அப்புறம் பூபாலன் வாயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வாயைப் பார்க்காவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? அப்போதுதான் தெரிந்தது, தேசிகாமணியும் வாயைப் பார்க்கவில்லை என்று.

பூபாலனுக்கு வெண்கலக் குரல். அந்தக் குரல் என்ன சொன்னாலும் ஜனம் நம்பும். அதனால் தேசிகாமணி வசனத்தை அவர் வாயில் கொடுத்துவிட்டு, உண்மையை வேறு எங்கேயாவது ஒளித்து வைப்பார். ரெண்டு தாழ்ப்பாள் படத்தில், அண்ணன்கள் செய்த குற்றத்தைத் தம்பி ஏற்றுக்கொண்டு ஜெயிலுக்குப் போக வேண்டும். தெருவில் அண்ணன்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். மனைவி கேட்பாள், "என்னங்க, மனசுல என்ன இருக்கு?" பூபாலன் சிரித்துக்கொண்டே, "மனசுல ஒண்ணும் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கு வர்றவன் நான். கூப்பிட்டுட்டாங்க, வர்றேன்" என்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். ஆனால் "வர்றேன்" என்னும்போது தேசிகாமணி கேமராவைக் கீழே இறக்கிவிடுவார். பூபாலனின் கால் விரல்கள் நிலைப்படியைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் வாசல் காலி.

பேச்சு இருந்த நாளில், இதை நான் சொன்னால் இவருக்குக் கோபம் வரும். "தலைவர் முகத்தைப் பாக்காம காலைப் பாக்கவா டிக்கெட் எடுத்தே? எந்தக் காலு? நான் நாப்பது தடவை பாத்திருக்கேன், காலே கிடையாது" என்பார். நிஜமாகவே பார்த்ததில்லை. அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்பார். கடைசிப் படமான ஏழாம் நம்பர் படகில் பூபாலன் முதுகைக் காட்டிக்கொண்டு அழுவார், முழுசாக இரண்டு நிமிஷம். "மூஞ்சியைக் காட்டுடா தேசிகாமணி!" என்று பெஞ்சு மேல் ஏறிக் கத்தியவர்களில் பதினாறு வயது குணசீலனும் ஒருவர். அதைப் பெருமையாகவே சொல்வார்.

அதோடு அவர்கள் இரண்டு பேரும் பிரிந்தார்கள். பூபாலன் மற்றவர் படங்களில் வெறுமனே கத்தினார். தேசிகாமணி மற்ற நடிகர்களை வைத்து எடுத்த படங்களில் கையும் காலும் நன்றாக இருந்தன, கேட்கத்தான் குரல் இல்லை. இரண்டு பேருமே தேறவில்லை. சேர்ந்து இருந்தபோது ஒருவரையொருவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, தோள் விட்டுப்போனது. எரிச்சலில், "இன்னும் கொஞ்சம் போடவா மச்சான்?" என்று உப்பளத்துத் துரை கதாநாயகி மாதிரி இழுத்தேன், கேலிக்குத்தான். பட்டென்று பதில் வந்தது: "போதும்டி, உன் கையால சாப்பிட்டா வயிறு மட்டுமா நிறையுது!"

மறுபடி சொன்னேன். மறுபடி அதே பதில். முந்தின அடியை எடுத்துக் கொடுத்தால் அடுத்த அடி தானாக வருகிறது. அவரால் நிறுத்த முடியாது போலிருக்கிறது. ஷர்மிளாவிடம் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவாள்.

பிப்ரவரி 5, திங்கள்

சாப்பாடு இருபது நிமிஷத்தில் முடிந்தது. "போதும்டி" என்று அவரே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மகள் தாரிணி புனேயிலிருந்து பேசினாள். போனை அவர் காதில் வைப்பதற்கு முன் ஓர் அடி எடுத்துக் கொடுத்தேன். "எனக்கென்ன கண்ணு, ராஜா மாதிரி இருக்கேன்" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுதுவிட்டாள். "அப்பா நல்லா பேசறாரும்மா! முன்னாடியே ஏன் சொல்லல?" என்றாள். குழந்தை மனசு கஷ்டப்படாமல் இருந்தால் சரி.

ஷர்மிளாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

தாரிணிக்கு ஆறாம் மாதம். போன தடவை மாதிரி ஆகிவிடக்கூடாது என்று டாக்டர் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. அவர் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனி. "நீ வாம்மா" என்றாள். உடனேயே, "அப்பாவை விட்டுட்டு எப்படி வருவே, விடு, நான் பாத்துக்கறேன்" என்றாள். கேட்டதை விட விடு என்றதுதான் குத்தியது.

புனே வீடும் நான்காவது மாடி. இவரை அங்கே தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

நான் போக வேண்டும். போக விரும்புகிறேன் என்று எழுதலாமா? மகளுக்காக மட்டும் என்று எழுதினால் பாதிப் பொய். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருடைய வாயையும் துடைக்காமல் ஒரு பகல் முழுக்கப் போவதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. இவர் மாதிரி ஆட்களை ஆறு மாதம், ஒரு வருஷம் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர் சிஸ்டர் லூசியா. போனில் பேசினேன், நல்ல மனுஷி. இடமும் இருக்கிறது. ஆனால் ஒரு விதி.

"வீட்டுக்காரங்க கொண்டுவந்து தள்ளிட்டுப் போற இடமா இது ஆயிடக்கூடாதும்மா. வர்றவங்க தன் வாயால சம்மதம் சொல்லணும். நான் நேர்ல கேப்பேன்."

"அவருக்குப் பேச்சு சரியா வராது சிஸ்டர். வந்தாலும் சினிமா வசனமாத்தான் வருது."

"புரியற மாதிரி ஒரு வார்த்தை போதும்மா. எந்த ரூபத்துல வந்தா என்ன."

மார்ச் 1, வியாழன்

சப்பாத்தி சுட்டுக்கொண்டே அடுப்படியிலிருந்து, "என்னங்க, மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். கூடத்திலிருந்து சுத்தமாக வந்தது. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வந்தது.

மார்ச் 5, திங்கள்

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அறுபத்தொரு படியும் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரலைப் பிரித்துப் பிரித்து எடுத்தேன். வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கி, "சூரியனே, நீயாவது சாட்சி!" என்றார். ஆட்டோக்காரர் விசில் அடித்தார்.

இல்லம் சுத்தமாக இருந்தது. வேப்பமரம், கைப்பிடி வைத்த நடைபாதை. சிஸ்டர் லூசியா அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருக்கீங்களா? உங்களுக்கு இஷ்டம்தானா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அவர் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் குனிந்து, "என்னங்க, மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். எந்தப் பெண்டாட்டியும் புருஷனிடம் கேட்பதுதானே.

"மனசுல ஒண்ணும் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கு வர்றவன் நான். கூப்பிட்டுட்டாங்க, வர்றேன்."

அந்த அறையே நிறைந்துவிட்டது. நடைபாதையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகா சொல்றாரு! இதைவிட என்னம்மா வேணும்?" என்றார். சேர்க்கைப் பாரத்தில் எழுதிக்கொண்டார். பத்தொன்பதாம் தேதி அவர்களே வண்டி அனுப்பி அழைத்துக்கொள்வார்கள்.

அவர் கால் பக்கம் நான் பார்க்கவில்லை.

மார்ச் 6, செவ்வாய்

ஒன்றுமில்லை. போர்வை துவைத்தேன்.

மார்ச் 7, புதன்

தாரிணியிடம் சொல்லிவிட்டேன். சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. இருபதாம் தேதிக்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். இவர் பெட்டியில் வைக்க ஆறு லுங்கிக்கும் மூலையில் பெயர் தைத்தேன்.

மார்ச் 9, வெள்ளி

பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பேன், முப்பத்து மூன்று வருஷமாக அங்கேதானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"வர்றேன்" என்றபோது இடது கால் விரல்கள் ஐந்தும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு.

முதலில் என்னையே சமாதானம் செய்துகொண்டேன், படத்தைத்தான் நடித்துக் காட்டினார், வசனம் வந்தால் காலும் கூட வரும் என்று. நாலு நாள் அதை வைத்து ஓட்டினேன். இன்று அரிசி களையும்போது கை நின்றுவிட்டது. இவர்தான் அந்தக் காலைப் பார்த்ததே இல்லையே. நாற்பது தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட மனுஷனாயிற்றே. பார்க்காததை எப்படி நடிக்க முடியும்? குரல் பூபாலனுடையது. கால் இவருடையது.

அந்த "வர்றேன்" இருக்கிறதே, சிஸ்டருக்கு அது உங்களோடு வருகிறேன் என்று கேட்டது. படத்தில் அது பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு போகிற வர்றேன். நம் ஊரில் போகிறவனும் அதையேதான் சொல்லித் தொலைக்கிறான். எனக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியாது. தெரிந்துதான் அந்த இடத்தில் அந்த வசனத்தைப் பொறுக்கி எடுத்தேன்.

பூட்டிவிட்டுப் பாலுக்குப் போகும்போது வராத வெட்கம் இன்று வந்தது.

மார்ச் 14, புதன்

ஆளை எடுத்துக்கொள்ளும் முன் வீட்டை வந்து பார்ப்பது இல்லத்தின் வழக்கமாம். சிஸ்டர் அறுபத்தொரு படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் வெளிப்பக்கம் தொங்கிய பூட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தேன்.

"சிஸ்டர், அன்னைக்கு அவர் சம்மதம் சொல்லல. நான் சொல்ல வெச்சேன்."

முந்தின அடி, அடுத்த அடி, சாப்பாடு, மகளோடு போன், எல்லாம் சொன்னேன். கால் விரலையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் இஷ்டம் இருக்கட்டும். உங்க இஷ்டம் என்னம்மா?"

"என் இஷ்டம்னு தனியா ஒண்ணு இருக்கா என்ன? அவர் இருக்கிற இடம்தான் எனக்கு வாசல்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை வீடு, இரண்டாம் பாதி, கதாநாயகி. அதே இழுப்போடு வந்திருந்தது. அவருக்காவது மூளையில் அடைப்பு. எனக்கு என்ன கேடு? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன், சிரிப்பு அழுகையாகப் போய்விட்டது. சிஸ்டர் பயந்துபோய் எழுந்தார்.

"உக்காருங்க சிஸ்டர். என்னால முடியல. என் பொண்ணுகிட்டப் போகணும். அதுக்காக மட்டும் இல்ல, இந்த வீட்டை விட்டுப் போகணும். கொஞ்ச நாளைக்காவது போகணும்."

"இதை அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லை."

"சேதியே சொல்லாம சம்மதம் மட்டும் கேட்டிருக்கோம். நானுந்தான் கேட்டேன்" என்றார். பாரத்தை எடுத்து, அன்று எழுதியதைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். "பத்தொன்பதாம் தேதி வண்டியோட வர்றேன். அதுக்குள்ள சொல்லுங்க. அன்னைக்கு நான் கேக்கறப்ப நீங்க வாயைத் திறக்கக்கூடாது. அவர் வேண்டாம்னு சொன்னா நான் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவேன். தெரியுதா?"

தெரிகிறது.

மார்ச் 15, வியாழன்

சொன்னேன். குளிப்பாட்டி, சட்டை மாட்டி, எதிரில் உட்கார்ந்து சொன்னேன். தாரிணிக்கு உடம்பு முடியவில்லை, நான் போக வேண்டும், ஆறு மாதம் நீங்கள் அந்த இல்லத்தில் இருக்க வேண்டும். அன்று சம்மதம் சொல்ல வைத்தது என் ஏமாற்று. உங்களுக்கு இஷ்டமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது.

ஏதாவது வசனம் வரும் என்று காத்திருந்தேன். திட்டுவதற்கு எத்தனை வசனம் இருக்கிறது, துரோகி, பாவி, பெண்ணா நீ. ஒன்றும் வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 16, வெள்ளி

பேசவில்லை.

மார்ச் 17, சனி

பேசவில்லை. கஞ்சி மட்டும் குடித்தார். பயமாக இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் போடவா மச்சான்" என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். ஷர்மிளாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "அடி எடுத்துக் கொடுக்கிறது நாங்களே சொல்லித் தர்ற முறைதாம்மா. உங்க சௌகரியத்துக்கு எடுத்துக் கொடுத்தீங்க பாருங்க, அதான் தப்பு" என்றாள்.

மார்ச் 18, ஞாயிறு

பேசவில்லை. வீட்டில் பூபாலன் குரல் இல்லாத நாள் முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்கு நினைவில்லை. இப்படி ஒரு அமைதிக்கு எத்தனை தடவை ஏங்கியிருக்கிறேன். வந்தபோது இருக்க முடியவில்லை, ரேடியோவைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 19, திங்கள்

காலை பத்து மணிக்கு வந்தார்கள். சிஸ்டரும், தூக்குவதற்கு இரண்டு ஆட்களும். ஆட்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு சிஸ்டர் மட்டும் உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அலமாரியை ஒட்டி நின்றேன்.

"ஐயா, உங்க வீட்டம்மா எல்லாம் சொல்லியிருப்பாங்க. நீங்க எங்ககூட வந்து இருக்கணும்னு கேக்கறோம். வேண்டாம்னா வேண்டாம். நீங்கதான் சொல்லணும்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடியை எடுத்துக் கொடு என்று காத்திருக்கும் பார்வை. ஒரு வாக்கியம் போதும், அந்த வெண்கலக் குரலில் ஏதோ ஒன்று வந்து எல்லோரையும் காப்பாற்றிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி ரத்தம் கட்டிவிட்டது.

அவர் நெற்றியில் வியர்த்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தொண்டையில் ஏதோ உருண்டு உருண்டு மேலே வந்தது.

"போ" என்றார்.

சிஸ்டர் முன்னால் குனிந்தார். "யாரை ஐயா? என்னையா?"

இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். "போ."

பூபாலன் குரல் இல்லை அது. கரகரப்பாக, நடுக்கத்தோடு, எச்சில் தெறிக்க, நான் இதுவரை கேட்டே இராத ஒரு குரல். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது எந்தப் படம்மா?"

ஒன்பது படத்தையும் மனதில் ஓட்டினேன். யாரை அனுப்பினாலும் போயிட்டு வா என்றுதான் சொல்வார்கள். வெறும் "போ" தேசிகாமணி எங்கேயும் வைத்ததில்லை.

"எதுலயும் இல்லை சிஸ்டர்."

கோபமாகத்தான் சொன்னார். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நிற்க, நல்ல கோபம். அனுமதி கொடுத்தார் என்று எழுதி என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க போறதுன்னா நீங்க எங்ககூட வரணும் ஐயா. சரியா?" என்றார். நாற்காலியில் உட்கார வைக்க ஆட்கள் வந்தபோது அவர் இடது கையை அவர்கள் தோளில் தானாகவே போட்டுக்கொண்டார். சிஸ்டர் பாரத்தில் ஒரே ஒரு எழுத்துதான் எழுதினார். எட்டிப் பார்த்தேன், "போ" என்று இருந்தது.

கூடவே கீழே இறங்கினேன். இந்தத் தடவை எந்தத் திருப்பத்திலும் அவர் கம்பியைப் பிடிக்கவில்லை. வண்டியில் ஏற்றிய பிறகு வாயைத் துடைத்துவிட்டேன். என்னைப் பார்க்கவில்லை. "போயிட்டு வர்றேங்க" என்றேன். கதவைச் சாத்தினார்கள்.

இப்போது மாலை ஐந்து. வாசல் கதவு திறந்தே இருக்கிறது, சாத்தத் தோன்றவில்லை. பெட்டி கட்டி முடித்தாயிற்று. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டும் போலிருக்கிறது, திட்டினாலும் சரி. முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்தேன், மனுஷன் இன்றைக்குத்தான் பேச ஆரம்பித்திருக்கிறார்.

நாளைக் காலை ஏழு பத்துக்கு எனக்கு ரயில்.